பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "ஏதாவது தொழில்நுட்பமா பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய சர்வரைக் கழற்றிவிட்டுப் புதிய சர்வர் வைத்த கதையைச் சொல்லப் போகிறேன். இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். சிறு தொழில் நடத்தும் அண்ணன்கள் நான்கைந்து பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் ஆபீசிலும் மேஜைக்கு அடியில் இப்படி ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பேசுகிறேன்.

நான் வேலை பார்ப்பது திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில். சிஎன்சி இயந்திரங்களில் வாகன உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய கம்பெனி. என்னை எடுத்தது இயந்திரப் பராமரிப்புக்கு. "கம்ப்யூட்டரும் மெஷின்தானே தம்பி" என்று முதலாளி அதையும் என் தலையில் கட்டிவிட்டார்.

அந்தப் பெட்டி 2014இல் வாங்கியது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் விஷயத்தின் கனம் புரியும். டேலி கணக்குகள். வாடிக்கையாளர்கள் கொடுத்த வரைபடங்கள், அவற்றின் திருத்தங்களோடு. ஸ்டாக்கையும் உற்பத்தியையும் கவனிக்கும் ஒரு புரோகிராம். அதை எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது, போன் நம்பரும் மாறிவிட்டது. இவை போக, ஆபீசில் இருக்கும் எல்லோரும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வருவதும் இதன் வழியாகத்தான். இது ஒருநாள் நின்றால் இன்வாய்ஸ் போட முடியாது. இ-இன்வாய்ஸ், இ-வே பில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. சரக்கு போகாவிட்டால் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் நிற்கும், அந்தப் பழி நம் மேல் விழும். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், வருகைப் பதிவும் அதற்குள்தான்.

முதலாளியிடம் புதுசு வாங்க வேண்டும் என்றேன். "ஓடுற வண்டியை எதுக்கு தம்பி பிரிக்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். நான் மூன்று காரணம் சொன்னேன். ஒன்று, அந்த விண்டோஸ் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது. இரண்டு, உள்ளே இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் ஒன்று எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்திருந்தது. மூன்றாவதை நான் சொல்லவே வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்து பட்டறை பட்டறையாக இயந்திரங்களும் கணிப்பொறிகளும் மூழ்கியதை அவரே பார்த்தவர். எங்களுக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. 2015ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

"அதான் ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணு போனா ஒண்ணு இருக்குமே?" என்று அடுத்த கேள்வி. அதற்குப் பெயர் ரெய்டு என்றேன். முகம் மாறிவிட்டது; வருமானவரிக்காரர்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரட்டை டிஸ்க் என்பது பேக்கப் அல்ல என்பதை இங்கே இருக்கும் மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிஸ்கில் நடப்பது அந்த நொடியே மற்றொன்றிலும் நடக்கும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். 2017 மே மாதம் உலகத்தைக் கலக்கிய வானாகிரை மாதிரி ஒன்று வந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். தண்ணீர் வந்தால் இரண்டும் ஒரே பெட்டியில்தானே மூழ்கும்?

"பேக்கப் தினமும் ஓடுதே" என்றார் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா. ஓடியது உண்மை. எனக்கு முன்னால் ஒப்பந்தத்தில் வந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஏற்பாடு செய்து வைத்தது. தினமும் இரவு ஒரு யூஎஸ்பி டிஸ்கில் பதிவாகும், காலையில் திரையில் பச்சை டிக் இருக்கும். வருடக்கணக்காகப் பச்சை டிக். சர்வரை மாற்றுவதற்கு முன்னால் அந்த டிஸ்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். சி டிரைவ் மட்டும் இருந்தது. வரைபடங்கள் எல்லாம் டி டிரைவில். இடம் போதாமல் 2018இல் டி டிரைவைப் புதிதாக உண்டாக்கி அங்கே மாற்றியிருக்கிறார்கள், பேக்கப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. அந்தப் பச்சை டிக் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. எதை எடுக்கச் சொன்னார்களோ அதை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தது.

இது சின்னக் கம்பெனிகளில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். கிட்லேப் என்று ஒரு நிறுவனம், உலகம் முழுக்க புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை வைத்துக்கொள்ளும் இடம். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து முக்கிய சர்வரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், எடுக்கும் புரோகிராமும் தரவுத்தளமும் வெவ்வேறு பதிப்பு என்பதால் பேக்கப் தோல்வி அடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வி என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டு, யார் கைக்கும் வரவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன்னால் எடுத்த ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். தென் கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அரசாங்கத்தின் தரவு மையத்தில், பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் தரவு போயே போய்விட்டது. வேறு இடத்தில் நகல் இல்லை. அளவு ரொம்பப் பெரியது, அதனால் எடுக்கவில்லை என்றார்கள்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். கணக்குப் புத்தகங்களைக் கணிப்பொறியில் வைத்திருக்கும் கம்பெனி, அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு அவ்வப்போது என்று இருந்தது, இப்போது தினமும். எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தாயா என்று அந்த விதி கேட்பதில்லை. அங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது.

புதிய பெட்டிக்குப் போக இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, தரவை மட்டும் நகலெடுப்பது ஒரு வழி. சுத்தமான வழி, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அந்த ஸ்டாக் புரோகிராமை எப்படி நிறுவுவது? அதன் சிடி கிடையாது, எழுதியவர் கிடையாது. எனவே இரண்டாவது வழி: பழைய சர்வரை முழுசாக, இயங்குதளம் முதல் கடைசிக் கோப்பு வரை பேக்கப் எடுத்து, புதிய வன்பொருளில் அப்படியே ரெஸ்டோர் செய்வது.

"அப்படியே" என்று சொல்வது சுலபம். எங்கள் ஊர் ஆழ்வார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காஞ்சியில் அரசன் கணிகண்ணனை நாடு கடத்தியபோது, திருமழிசை ஆழ்வார் பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படச் சொன்னார், அவரும் புறப்பட்டார். அரசன் மன்னிப்புக் கேட்டபின் எல்லோரும் திரும்பி வந்தார்கள், பெருமாளும் பாயை விரித்துப் படுத்தார். திருவெஃகாவில் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். ஆனால் மற்ற கோயில்களில் இருப்பதற்குத் திசை மாறிப் படுத்திருக்கிறார் என்பார்கள். பெருமாளே ரெஸ்டோர் ஆனபோது திசை மாறியிருக்கிறது, நம்ம சர்வர் எம்மாத்திரம்?

கோயம்பேட்டை நினைத்துப் பாருங்கள். 2020 மே மாதம் கொரோனா நேரத்தில் காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாகத் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்கள், செப்டம்பர் கடைசி வரை நடந்தது. அதே கத்தரிக்காய், அதே வெங்காயம், அதே வியாபாரிகள். தகராறு எல்லாம் வண்டி வரும் வழியிலும் மழை பெய்தால் சேறாகும் தரையிலும்தான். சர்வரிலும் தரவு பத்திரமாக வந்துவிடும். தகராறு பண்ணுவது தரைதான், அதாவது வன்பொருள்.

எங்கள் பழைய சர்வர் பயாஸ் முறையில் துவங்குவது, புதியது யூஈஎஃப்ஐ முறை. ஒன்றில் எடுத்த முழு பேக்கப்பை மற்றொன்றில் நேராக விரித்தால் துவங்காது. டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவரும் பழைய விண்டோசுக்குத் தெரியாது. அதனால் புதிய பெட்டியில் முதலில் விண்டோஸ் சர்வர் 2022 போட்டு, அதற்குள் ஹைப்பர்-வி மூலம் ஒரு மெய்நிகர் இயந்திரம் உண்டாக்கினேன். ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறி மாதிரி. முதல் தலைமுறை வகை என்று தேர்ந்தெடுத்தால் அது பயாஸ் முறையில் துவங்கும்; அதற்கு வேண்டிய டிரைவர்களும் 2012 ஆர்2இல் ஏற்கெனவே உண்டு. பழைய சர்வரை அதற்குள் குடியேற்றினேன். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: மெய்நிகர் டிஸ்கின் அளவு பழைய டிஸ்கின் அளவுக்குக் குறையக் கூடாது. உள்ளே பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும் ரெஸ்டோர் ஒத்துக்கொள்ளாது. லைசென்சும் அப்படித்தான். பெட்டியோடு வந்த லைசென்ஸ் பெட்டியோடு போகும். புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு லைசென்சில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கு உரிமை உண்டு, பழைய பதிப்பைப் போட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு.

மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. தரவு 600 ஜிபி. பழைய சர்வரில் யூஎஸ்பி 2 மட்டும்தான், நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி வரும். 600,000ஐ 30ஆல் வகுத்தால் 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம். அதே டிஸ்கைப் புதிய பெட்டியின் யூஎஸ்பி 3இல் செருகினால் நொடிக்கு 100 எம்பி, ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடியும். முதலாளி "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் போதுமா?" என்று கேட்டபோது "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லாமல் காகிதத்தில் மணி போட்டுக் காட்ட முடிந்தது இதனால்தான்.

ஆனாலும் கணக்கை நம்பி நேராக ஞாயிற்றுக்கிழமை இறங்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே ஒத்திகை பார்த்தோம். இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதானால் இந்த ஒத்திகையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, அதன் பேக்கப்பைப் புதிய பெட்டியில் விரித்தோம். நெட்வொர்க்கோடு இணைக்காமல், தனி அறையில் வைத்த மாதிரி. இணைத்திருந்தால் ஒரே பெயர், ஒரே முகவரியில் இரண்டு சர்வர்கள் நின்று சண்டை போட்டிருக்கும். பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் சர்வர் என்றால் சேதம் இன்னும் மோசம்.

முதல் ஒத்திகையில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். டெஸ்க்டாப் வருவதற்கும் கம்பெனி ஓடுவதற்கும் சம்பந்தம் கிடையாது. மெய்நிகர் இயந்திரத்தின் நெட்வொர்க் கார்டு புதுசு. பழைய ஐபி முகவரியோ இல்லாத பழைய கார்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறைந்திருக்கும் அந்தக் கார்டை நீக்கி, முகவரியைப் புதியதற்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். சர்வருக்கும் மற்ற கணிப்பொறிகளுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யாரும் உள்ளே வர முடியாது. டேலியைத் திறந்தால் "எஜுகேஷனல்" என்று வந்தது. இயந்திரம் மாறினால் பழைய லைசென்சை அது ஏற்காது. அந்த நிலையில் மாதத்தின் ஓரிரு தேதிகளுக்கு மட்டும்தான் பதிவு போட முடியும். மாற்றும் நாளில் பழைய சர்வரில் லைசென்சை சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் எழுப்ப வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். பெரிய இடி கடைசியில் வந்தது. சிஎன்சி புரோகிராம் தயாரிக்கும் மென்பொருளுக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள், பழைய சர்வரின் முதுகில் செருகியிருந்தது. ஹைப்பர்-வியில் மெய்நிகர் இயந்திரத்துக்குள் யூஎஸ்பி நேராகப் போகாது. அதை ஒரு சாதாரண மேஜைக் கணிப்பொறிக்கு மாற்றி, லைசென்ஸ் சேவையை அங்கே ஓடவிட்டோம். இது திங்கட்கிழமை காலையில் தெரிந்திருந்தால் இயந்திரங்களுக்குப் புரோகிராம் கொடுக்க முடியாமல் கைகட்டி நின்றிருப்போம்.

சரி, ரெஸ்டோர் ஒழுங்காக ஆயிற்றா என்று யார் சொல்வது? நான் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அக்கவுண்ட்ஸ் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மார்ச் 31 டிரயல் பேலன்சைப் பழையதிலும் புதியதிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அலமாரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய இன்வாய்ஸ் ஃபைலை உருவி, அதே எண்ணைத் திரையில் எடுத்துப் பைசா வரை சரிபார்த்தார். ஸ்டோர்ஸ் அண்ணன் ஒரு பொருளின் இருப்பைப் பார்த்துவிட்டுக் கிடங்குக்குப் போய் எண்ணிவிட்டு வந்தார். டிசைன் பார்க்கும் பையன் 2016ஆம் வருடத்து வரைபடம் ஒன்றைத் திறந்தான். ஒவ்வொருவரும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பச்சை டிக்கைவிட அந்தக் கையெழுத்துகளை நான் நம்புகிறேன். இரண்டு ஒத்திகை நடந்தது. முதலாவது 11 மணி நேரம், இரண்டாவது 6.

நிற்க. மாற்றிய அன்று நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை, ஒத்திகையின் லாபம் அதுதான். வெள்ளி இரவே முழு பேக்கப். சனிக்கிழமை மாலை ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வெளியேறியபின், அதே டிஸ்கில் அன்று மாறியதை மட்டும் சேர்த்தோம். டேலி லைசென்சை சரண்டர் செய்தோம். பழைய சர்வரின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கி, துளையில் டேப் ஒட்டி, "யாரும் தொடக் கூடாது" என்று எழுதினேன். அதை அழிக்கவில்லை, ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தோம். ஏதாவது கோணலானால் ஒயரைத் திரும்பச் செருகினால் போதும். ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் புதியதில் எல்லாம் எழுந்துவிட்டது. ஞாயிறு காலை அக்கா, ஸ்டோர்ஸ் அண்ணன், டிசைன் பையன் மூவரும் வந்து அதே சரிபார்ப்பு.

திங்கள் காலை எட்டரைக்கு முதல் இன்வாய்ஸ் வந்தது. டெலிவரி சலான் வரவில்லை. சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழைய சர்வரின் பேரலல் போர்ட்டில் மாட்டியிருந்தது, புதிய பெட்டியில் அந்தத் துளையே கிடையாது. மெய்நிகர் ஒத்திகையில் பிரிண்டர் ஒயர் தெரியுமா? பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பி ஒரு மாற்று ஒயர் வாங்கி வரும்வரை ஸ்டோர்ஸ் அண்ணன் சலானைக் கையால் எழுதினார். கார்பன் பேப்பரைக் கண்டு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டி ஒன்பதே காலுக்குக் கிளம்பிவிட்டது.

டேலியையும் வரைபடங்களையும் அதற்குப் பின்னர் மெதுவாக, ஒவ்வொன்றாக, புதிய இயங்குதளம் போட்ட இரண்டாவது மெய்நிகர் இயந்திரத்துக்கு மாற்றிவிட்டோம். பழையதில் இப்போது அந்த ஸ்டாக் புரோகிராம் மட்டும் இருக்கிறது, இன்டர்நெட் தொடர்பு இல்லாமல். அதற்கு மாற்று எழுதிக் கொடுக்க இங்கிருந்து யாராவது வந்தால் முதலாளி செக் புத்தகத்தோடு காத்திருக்கிறார்.

பேக்கப் டிஸ்குகள் இப்போது இரண்டு, ஒன்று எப்போதும் தொழிற்பேட்டைக்கு வெளியே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை மாலை, ஏதாவது ஒரு நாளின் பேக்கப்பை எடுத்து தனியாக விரித்துப் பார்க்கிறோம். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சுவரில் ஒட்டிய தாளில் அக்காதான் எழுதுவார். கணிப்பொறித் துறைத் தம்பி தங்கைகள் யாராவது பார்க்க விரும்பினால் துறைத்தலைவரிடம் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு தடவைக்கு ஆறு பேர், அதற்கு மேல் அந்த அறையில் நிற்க இடமில்லை. டீயும் வடையும் கம்பெனிச் செலவு.